வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பின் தழும்பில் ஹெர்னியா வராமல் தடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வயிற்றைத் திறந்து செய்த பெரிய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, தையல் பிரித்து, பழைய வேலைக்கும் திரும்பிவிட்ட ஒருவர், ஓராண்டு கழித்து ஒருநாள் குளிக்கும்போது தழும்பின் ஓரமாக எலுமிச்சை அளவில் ஒரு புடைப்பு இருப்பதைக் கவனிக்கிறார். நின்றால் தெரிகிறது, படுத்தால் மறைந்துவிடுகிறது, இருமினால் விரலடியில் வந்து முட்டுகிறது. தழும்பு வழிக் குடலிறக்கம், அதாவது ஆபரேஷன் செய்த இடத்தில் வரும் ஹெர்னியா, பெரும்பாலும் இப்படித்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. வந்ததும் வீட்டில் காரணம் தேடுவார்கள். "போன வாரம் அந்தப் பெட்டியைத் தூக்கினீர்களே, அதனால்தான்" என்று பழி ஒரு பெட்டியின் மேல் விழும்.

அந்தப் பழி பெரும்பாலும் நியாயமற்றது. அறுவை சிகிச்சை முடிந்த முதல் மாதத்திலேயே எடுத்த சி.டி. ஸ்கேன் படங்களைப் பின்னாளில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், வெகுகாலம் கழித்து ஹெர்னியா வந்தவர்களுக்கும் வயிற்றுச் சுவரின் இரு விளிம்புகள் அந்த முதல் மாதத்திலேயே விலகத் தொடங்கியிருந்ததைக் கண்டார்கள். புடைப்பு கண்ணுக்குத் தெரிவது இரண்டாம் ஆண்டிலாக இருக்கலாம்; அதற்கான இடைவெளி விழுவது முதல் சில வாரங்களில். ஆகவே தடுப்பதற்கான முயற்சியும் அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரங்கள், அறுவை அரங்கில் வயிற்றை மூடும் அந்தச் சில நிமிடங்கள், அதற்குப் பிந்தைய இரண்டு மாதங்கள் ஆகியவற்றில்தான் குவிய வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: தோல் ஆறுவது வேறு, சுவர் ஆறுவது வேறு

வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளைத் தாங்கி நிற்பது தோலோ கொழுப்போ அல்ல. தசைகளைப் போர்த்தியிருக்கும் வெண்மையான, உறுதியான தசையுறைதான். இடப்பக்கத் தசையுறையும் வலப்பக்கத் தசையுறையும் நெஞ்செலும்பின் அடியிலிருந்து இடுப்பெலும்பு வரை நடுக்கோட்டில் பின்னிக்கொள்ளும் இடத்தை லீனியா ஆல்பா என்பார்கள். அறுவை மருத்துவர் வயிற்றை நெடுக்காகத் திறப்பது பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான். இரத்தப்போக்கு குறைவு, விரைவாகத் திறக்கலாம், எல்லா மூலைகளையும் எட்டலாம். ஆனால் இரு பக்கத் தசைகளும் எந்நேரமும் எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டிருக்கும் கோடும் அதுவே.

தோல் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் ஒட்டிவிடும். தசையுறையோ ஏறக்குறைய இரண்டு மாதங்களில்தான் பழைய வலுவில் பாதியை எட்டுகிறது. ஓராண்டு கழிந்த பின்னும் அது முழு வலுவைப் பெறுவதில்லை. முதல் வாரங்களில் வயிற்றைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் உள்ளே போட்ட நூல்தான். "தையல் பிரித்தாயிற்று, இனிப் பயமில்லை" என்று நினைப்பது இதனால்தான் தவறு. வெளியே பிரித்தது தோலின் தையலை மட்டும்.

படி 1: உங்கள் ஆபத்து எவ்வளவு என்று கணித்துக்கொள்ளுங்கள்

நடுக்கோட்டில் வயிற்றைத் திறந்தவர்களில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர் முதல் ஐந்து பேரில் ஒருவர் வரை இந்த ஹெர்னியாவுக்கு ஆளாகிறார்கள். ஆபத்து மிகுந்தவர்களிடம் அது மூன்று பேரில் ஒருவர் என்ற அளவுக்கும் உயர்கிறது. உடல் பருமன், புகைப்பழக்கம், நாட்பட்ட நுரையீரல் நோய், ஊட்டச்சத்துக் குறைவு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை, வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கான அறுவை சிகிச்சை, அவசரமாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சை, அதே தழும்பு வழியாக மீண்டும் திறப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. உடலில் வேறு எங்கேனும் ஏற்கெனவே ஹெர்னியா வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இணைப்புத் திசுவே இயல்பில் வலுக்குறைந்ததாக இருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது காயத்தில் சீழ் பிடிப்பது. கிருமித் தொற்று வந்த காயத்தில் தசையுறை மென்மையாகி, நூல் நின்ற இடத்திலேயே அறுத்துக்கொண்டு வெளியேறுகிறது. மற்றக் காரணங்களில் பலவும் கடைசியில் ஆபத்தை விளைவிப்பது இந்தத் தொற்றின் வழியாகத்தான்.

படி 2: அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரங்களைப் பயன்படுத்துங்கள்

அவசர அறுவை சிகிச்சையில் இந்த வாய்ப்பு இல்லை. அந்நிலையில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கடந்துவிடலாம். நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சை என்றால் முதல் வேலை புகையை நிறுத்துவது. குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். புகை, காயத்துக்குச் செல்லும் ஆக்சிஜனைக் குறைக்கிறது. திசுவுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாவதைக் கெடுக்கிறது. போதாக்குறைக்கு இருமலையும் தருகிறது. ஒரே பழக்கம் மூன்று வழிகளில் கெடுதல் செய்யும்போது, மற்ற எதையும் விட அதை முதலில் விடுவதே அறிவுடைமை.

உடல் எடையைப் பற்றிப் பேசும்போது நிதானம் வேண்டும். மாதக்கணக்கில் அவகாசம் இருந்தால், மருத்துவர் துணையுடன் படிப்படியாக எடையைக் குறைப்பது பயன் தரும். கடைசி இரண்டு வாரங்களில் பட்டினி கிடந்து குறைப்பது தலைகீழான பலனையே தரும். கொழுப்போடு தசையும் கரையும், காயம் ஆறத் தேவையான புரதமும் குறைந்துவிடும். புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையை எடைக்காகத் தள்ளிப்போடுவதும் சரியன்று. மாறாக, நோயால் மெலிந்தவர்கள், குறிப்பாக ஆறு மாதங்களில் தம் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தவர்கள், அதை மருத்துவரிடம் தாமே எடுத்துச் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு வாரம் ஊட்டம் கொடுத்த பிறகு அறுவை சிகிச்சை செய்வது பல நேரங்களில் நல்லது. பெரிய அறுவை சிகிச்சைக்கு உள்ளாகிறவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.5 கிராம் புரதம் என்பது ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்லும் அளவு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த அளவைத் தம் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், சிறுநீர் கழிக்க முக்க வேண்டிய நிலை ஆகிய மூன்றையும் முன்னதாகவே குணப்படுத்திக்கொள்ளுங்கள். கேட்டால்தான் சொல்வேன் என்று இருக்கக் கூடாத விஷயங்கள் இவை. வயதான ஆண்களில் புராஸ்டேட் வீக்கத்தால் தினமும் முக்குகிறவர்கள் பலர் அதை வயதின் இயல்பு என்று எண்ணி வெளியே சொல்வதே இல்லை. ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

படி 3: வயிற்றை எப்படி மூடப்போகிறார்கள் என்று கேளுங்கள்

நோயாளிகள் பெரும்பாலும் கேட்கத் தயங்கும் கேள்வி இது. என் பார்வையில் மிகவும் கேட்கத்தக்க கேள்வியும் இதுவே. நோயை எப்படி அகற்றப்போகிறார்கள் என்று விரிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள், திறந்ததை எப்படி மூடுவார்கள் என்று கேட்பதில்லை.

முதலாவது, கீறும் இடம். நடுக்கோட்டைத் தவிர்த்துக் குறுக்காகவோ பக்கவாட்டிலோ கீற முடியுமானால் ஹெர்னியா வரும் வாய்ப்பு குறைகிறது. சிசேரியனில் அடிவயிற்றில் குறுக்காகக் கீறும் முறையில் இந்த ஹெர்னியா அரிதாக இருப்பது நல்ல எடுத்துக்காட்டு. நோயின் தன்மை இடம் கொடுக்காதபோது நடுக்கோடு தவிர்க்க முடியாதது. அதற்காக மருத்துவரை நெருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, தையலின் நெருக்கம். நெடுங்காலமாக அறுவை மருத்துவர்கள், விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், தடித்த நூலால் பெரிய தையல்களாகப் போட்டு வந்தார்கள். பெரிதாகப் பிடித்தால் உறுதியாக நிற்கும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் பெரிய தையல் தசையுறையோடு சேர்த்துத் தசையையும் கொழுப்பையும் கவ்விப் பிடிக்கிறது. நெரிபட்ட அந்தத் திசு இரத்தம் இன்றி நைந்துபோகிறது. சில நாட்களில் நூல் தளர்ந்து, சோப்புக் கட்டியை நூல் அறுப்பதுபோலத் திசுவை அறுத்துக்கொண்டு நகர்கிறது. சிறு தையல் முறையில் விளிம்பிலிருந்து 5 முதல் 8 மில்லிமீட்டருக்குள், 5 மில்லிமீட்டர் இடைவெளியில், மெல்லிய நூலால் தசையுறையை மட்டும் எடுத்துத் தைக்கிறார்கள். நெதர்லாந்தில் 560 நோயாளிகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் பெரிய தையல் போட்டவர்களில் 21 சதவீதத்தினருக்கும் சிறு தையல் போட்டவர்களில் 13 சதவீதத்தினருக்கும் ஹெர்னியா காணப்பட்டது. அதற்கு முன்பே, 2009-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வும் இதே திசையைக் காட்டியிருந்தது. அதில் காயத் தொற்றும் சிறு தையலில் குறைவாக இருந்தது. இவ்வளவு நன்மைக்கும் கூடுதலாகச் செலவாவது அறுவை அரங்கில் சில நிமிடங்கள்தான்.

இதோடு சேர்ந்த ஒரு கணக்கு 1976 முதலே அறுவை மருத்துவர்களுக்குத் தெரியும்: தையலுக்குச் செலவான நூலின் நீளம் காயத்தின் நீளத்தைப் போல் குறைந்தது நான்கு மடங்காவது இருக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் காயம் என்றால் 80 சென்டிமீட்டர் நூல். அதற்கும் குறைவாகச் செலவாகியிருந்தால் தையல் மிகவும் இறுகியிருக்கிறது அல்லது மிகவும் தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது என்று பொருள். சாப்பிட்ட பின்போ குடல் உப்பும்போதோ வயிறு பெரிதாகும். அப்போது விட்டுக்கொடுக்க நூலில் நீளம் இல்லாவிட்டால் அது திசுவைத்தான் அறுக்கும். நூலும் மெதுவாகக் கரையும் வகையாக இருக்க வேண்டும், பி.டி.எஸ். போன்ற நூல்கள் முழுவதும் கரைய ஏறக்குறைய ஆறு மாதங்களாகும், தசையுறை தேறிவரும் முதல் வாரங்களில் அவை துணை நிற்கும்.

மூன்றாவது, முன்னெச்சரிக்கையாக மெஷ் வைப்பது. ஹெர்னியா வந்த பிறகு வைக்கும் அதே வலையை, வருவதற்கு முன்பே வயிற்றை மூடும்போது வைத்துத் தைப்பது இந்த முறை. பருமன் உள்ளவர்களிடமும் பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களிடமும் நடந்து 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தையல் மட்டும் போட்டவர்களில் இரண்டு ஆண்டுகளில் 30 சதவீதத்தினருக்கு ஹெர்னியா வந்தது. தசையுறைக்கு மேலே மெஷ் வைத்தவர்களிடம் அது 13 சதவீதமாகவும், தசைக்குப் பின்னால் வைத்தவர்களிடம் 18 சதவீதமாகவும் இருந்தது. மேலே வைத்தால் காயத்துக்குள் நீர் கோத்துக்கொள்ளும் தொல்லை கூடுதல். எல்லோருக்கும் மெஷ் தேவையில்லை. குடல் ஓட்டை போன்ற அழுக்கான சூழலில் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். ஆபத்துக் காரணிகள் இரண்டு மூன்று ஒன்றாக இருப்பவர்கள் "எனக்கு மெஷ் வைப்பது பொருந்துமா?" என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

வயிற்றில் மலம் வெளியேறுவதற்கான ஸ்டோமா, அதாவது செயற்கைத் துளை, அமைக்கப்போகிறார்கள் என்றால் அதன் ஓரத்திலும் ஹெர்னியா மிகுதியாக வரும். அந்த இடத்தை எங்கே அமைப்பது என்பதை முன்கூட்டியே நின்றும் உட்கார்ந்தும் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

படி 4: காயத்தில் சீழ் பிடிக்காமல் காத்துக்கொள்ளுங்கள்

மருத்துவமனை செய்ய வேண்டியவை தெளிவானவை: கீறுவதற்கு முன் உரிய நேரத்தில் கிருமிக்கொல்லி ஊசி, இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடு, அறுவை நேரம் முழுவதும் உடல் சூடு குறையாமல் பார்த்துக்கொள்வது. நீங்கள் செய்ய வேண்டியவற்றில் முக்கியமானது, செய்யாமல் இருக்க வேண்டிய ஒன்று: முதல் நாள் வீட்டிலேயே ரேசரால் வயிற்று முடியை மழித்துக்கொண்டு வராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு வெட்டுகளில் கிருமி குடியேறும். முடியை அகற்றியே ஆக வேண்டுமென்றால் கிளிப்பர் கருவியால் கத்தரிப்பதே முறை. முன்னதாகச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள்.

வீடு திரும்பிய பின் காயத்தைத் தொடும் முன் கை கழுவுங்கள். சொந்தமாக மருந்து, பொடி எதுவும் தூவாதீர்கள். சிவப்பு பரவினாலோ, வலி குறையாமல் கூடினாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் சென்று காட்டுங்கள்.

படி 5: இருமலையும் எழுந்திருக்கும் விதத்தையும் பழக்கிக்கொள்ளுங்கள்

சுமை தூக்குவதைக் கண்டு அஞ்சுகிறவர்கள் இருமலைக் கண்டு அஞ்சுவதில்லை. அளந்து பார்த்தால் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்த இளம் வயதினரின் வயிற்றினுள் அழுத்தம் அளக்கப்பட்டது. நிற்கும்போது அது சராசரியாக 20 மில்லிமீட்டர் பாதரச அளவு. ஏறக்குறைய நாலரைக் கிலோ எடையைத் தூக்கியபோது 25-ஐ ஒட்டி நின்றது. இருமியபோதோ 107-க்குத் தாவியது. ஆனால் இருமலை அடக்குவதும் தவறு, சளி தங்கி நிமோனியா வரும், பிறகு நாட்கணக்கில் இரும வேண்டியிருக்கும். வயிற்றுக்கு வெளியே இருந்து முட்டுக் கொடுத்து இருமுவதே வழி.

ஒரு சிறு தலையணையையோ மடித்த துவாலையையோ கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் வைத்திருங்கள். இருமல் வருவது தெரிந்ததும் முழங்கால்களைச் சற்று மடக்கி, சற்றே முன்னால் குனிந்து, தலையணையைக் காயத்தின் மேல் வைத்து இரு உள்ளங்கைகளாலும் அணைத்து அழுத்திக்கொண்டு, அதன் பிறகு இருமுங்கள். தும்மலுக்கும் சிரிப்புக்கும் இதே முறைதான். வலி மருந்தை வேளை தவறாமல் எடுப்பதும் இதன் ஒரு பகுதி. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறவருக்குத்தான் சளி கட்டும். மருத்துவமனையில் தரும் மூச்சுப் பயிற்சிக் கருவியை, அதன் பந்துகள் மேலே எழும்பும்படி விழித்திருக்கும் மணிதோறும் சில முறை இழுங்கள்.

படுக்கையிலிருந்து நேராக எழுந்து உட்காரக் கூடாது. அப்படி எழும்போது வயிற்றுத் தசை முழுவதும் தழும்பை இரு பக்கமும் இழுக்கும். முழங்கால்களை மடக்குங்கள், தோளும் இடுப்பும் ஒரே கட்டையாக உருளுமாறு ஒருபக்கமாகப் புரளுங்கள், கால்களைக் கட்டிலின் ஓரத்துக்கு வெளியே இறக்குங்கள், கால்களின் எடை கீழே இறங்கும் அதே நேரத்தில் அடியிலிருக்கும் முழங்கையையும் மறு கையின் உள்ளங்கையையும் ஊன்றி உடலை மேலே தள்ளுங்கள். வேலை செய்ய வேண்டியது கைகள். வயிறு சும்மா இருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளே இதை நாலைந்து முறை செய்து பார்த்துவிட்டால், வலியோடு கற்றுக்கொள்ள வேண்டியிராது.

படி 6: முக்காமல் மலம் கழியட்டும்

அறுவை சிகிச்சைக்குப் பின் தரும் வலுவான வலி மருந்துகளில் பல மலத்தை இறுக்குபவை. மூன்று நாள் மலச்சிக்கலாகி அவதிப்பட்ட பிறகு மருந்து கேட்பதை விட, அந்த வலி மருந்து தொடங்கும்போதே மலமிளக்கி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடலில் அறுவை செய்தவர்கள் நார்ச்சத்து உணவை எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்படி முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் போதிய தண்ணீரும் பழமும் காய்கறியும் எடுத்துக்கொள்ளலாம். கழிப்பறையில் பாதங்களைச் சிறு மணை மீது உயர்த்தி வைத்து, முன்னால் சாய்ந்து, மூச்சை அடக்காமல் வெளியே விட்டபடி இருங்கள். வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம்.

படி 7: நடை, சுமை, உடற்பயிற்சி

நடப்பதற்குத் தடையே இல்லை. இயன்றால் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கத் தொடங்கிவிட வேண்டும்; மாடிப்படி ஏறுவதும் கெடுதல் அல்ல. சுமையைப் பொறுத்தவரை, நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பது பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வது. அது ஹெர்னியாவைத் தடுக்கிறது என்பதற்குப் போதுமான ஆய்வுச் சான்று கிடையாது. ஆயினும் தசையுறை பாதி வலுவைக்கூட எட்டாத காலம் என்பதால் இந்த எச்சரிக்கை நியாயமானதே. அதற்காக ஆறு மாதம் தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் தொடக் கூடாது என்று ஒருவரை நாற்காலியில் உட்கார்த்தி வைப்பது மிகை. அப்படி உட்கார்ந்தே இருப்பவரின் தசை தளர்கிறது, எடை கூடுகிறது. தூக்கும்போது பொருளை உடலோடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காரும் வகைப் பயிற்சிகள், பளு தூக்குதல், குதித்தல் ஆகியவற்றை மருத்துவர் அனுமதிக்கும் வரை ஒத்திப்போடுங்கள்.

படி 8: பெல்ட்டிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்

வயிற்று பெல்ட் கட்டினால் வலி குறைகிறது, எழுந்து நடக்கத் தைரியம் வருகிறது; அந்த அளவில் அது நல்ல துணை. அது ஹெர்னியாவைத் தடுக்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை. மூச்சுத் திணறும்படி இறுக்கிக் கட்டுவதும், காயத்தின் மேல் வியர்வை ஊற நாள் முழுவதும் அவிழ்க்காமல் இருப்பதும் தீங்கானவை.

படி 9: ஆண்டுக்கணக்கில் கவனித்து வாருங்கள்

இந்த ஹெர்னியாக்களில் பெரும்பாலானவை முதல் மூன்று ஆண்டுகளுக்குள் தெரியவரும். சில அதற்கும் பிந்தி வரும். மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, தழும்பின் மேல் விரல்களை நெடுக வைத்து, ஒருமுறை இருமிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் முட்டுவது தெரிந்தால் அவசரமின்றி, ஆனால் தட்டிக்கழிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறியதாக இருக்கும்போது சரிசெய்வது எளிது.

இரண்டு நிலைகளில் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஒன்று, அறுவை சிகிச்சை முடிந்து முதல் இரண்டு வாரங்களுக்குள் காயத்திலிருந்து திடீரென இளஞ்சிவப்பான நீர் மிகுதியாக வழிவது. உள்ளே தசையுறைத் தையல் விட்டுப்போனதன் அறிகுறி அது. குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ள முயலாமல், படுத்தபடி ஈரமான சுத்தத் துணியால் மூடி, எதுவும் உண்ணாமல் குடிக்காமல், உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மற்றொன்று, முன்பு உள்ளே போய்க்கொண்டிருந்த புடைப்பு போகாமல் கல்லாக இறுகி, வலித்து, வாந்தி வந்து, வாயுவும் மலமும் நின்றுபோவது. குடல் அங்கே நெரிபட்டிருக்கலாம்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த நூல், எந்தத் தையல், மெஷ் வைத்தார்களா, வைத்தால் எந்த அடுக்கில் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பத்தாண்டு கழித்து அதே தழும்பு வழியே இன்னொரு மருத்துவர் உள்ளே செல்ல நேர்ந்தால் அவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.